கடலூர் மணற்கல்லும் புள்ளி எண்ணும் மென்பொருளும்

புதுச்சேரி நகரின் வடமேற்கே, கோரிமேட்டில் தொடங்கி ஆரோவில், வானூர்ப் பக்கம் செம்மேடாக உயர்ந்து கிடப்பது கடலூர் மணற்கல் படிவம். 1860களில் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டப் பாறைகளை ஆராய்ந்து எழுதிய எச். எஃப். பிளான்ஃபோர்டு அதைக் கடலூரின் பெயரால் குறித்தார். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் திருவக்கரையின் கல்மரங்களும் இந்தப் படிவத்தைச் சேர்ந்தவை. அந்தக் கல்மரங்களைப் பற்றிப் பிரெஞ்சு இயற்கையியலர் பியர் சொன்னேரா 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். கையில் எடுத்துப் பார்த்தால் கல் பருமணலாக, செம்மையும் வெண்மையும் திட்டுத்திட்டாக, விரலால் தேய்த்தாலே உதிரும் நிலையில் இருக்கும். இதை எந்த வகை மணற்கல் என்று சொல்வது? கண் மட்டும் போதாத கேள்வி இது. கல்லைக் கண்ணாடி போல மெலிதாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து, அதில் உள்ளவற்றை எண்ணித்தான் விடை காண வேண்டும்.

எண்ணும் முறைக்கு அடித்தளம் இட்டவர் பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் அஷீல் தெலெஸ். ஒரு கனிமம் வெட்டுமுகத்தில் எவ்வளவு பரப்பைப் பிடிக்கிறதோ, பாறையின் கன அளவிலும் அதே பங்கைப் பிடித்திருக்கும் என்று 1847இல் அவர் காட்டினார். பரப்பை அளப்பதற்குப் பதில் கோட்டின் நீளத்தை அளந்தாலே போதும் என்றார் ரோசிவால், 1898இல். கோடும் வேண்டாம், சம இடைவெளியில் புள்ளிகள் வைத்து ஒவ்வொன்றின் அடியிலும் என்ன இருக்கிறது என்று குறித்தால் போதும் என்பது 1933இல் ரஷ்யாவின் கிளாகொலெவ் கண்ட வழி. அமெரிக்கரான ஃபெலிக்ஸ் சேய்ஸ் 1949க்குப் பின் இதைப் புள்ளியியல் அடிப்படையோடு ஆய்வுக்கூட வழக்கமாக்கினார். பிறகு நெடுங்காலம் நுண்ணோக்கி மேடையில் பொருத்திய பொறி ஒன்று, பொத்தானை அழுத்தும்தோறும் சீவலை ஒரு படி நகர்த்திக் கொடுத்தது. கூட்டுத்தொகை மட்டும் எஞ்சும். எந்தப் புள்ளியில் எதைப் பார்த்து எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பது எண்ணியவரோடு போய்விடும்.

மென்பொருளின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. வேகம் அதன் இரண்டாவது நன்மைதான். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் நிக்கோலா ரோதுய் உருவாக்கிய ஜேமைக்ரோவிஷன் இலவசமாகக் கிடைப்பது, மாணவரிடையே பரவலானது. சீவலின் பெரிய படத்தைத் திறந்து, கட்டம் கட்டமாகவோ தாறுமாறாகவோ புள்ளிகளைப் போடச் சொன்னால் அது போட்டுத் தரும். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பாறைத்துண்டு, இடைநிரப்புக் களிமண், இரும்புப் பிணைப்பு, துளை என்று வகைகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றைக் கொடுத்துவரலாம். எண்ண எண்ண விழுக்காடுகள் எப்படி ஏறி இறங்கி நிலைக்கின்றன என்ற வரைபடமும் கூடவே வளரும். கடைசியில் புள்ளிகள் யாவும் தத்தம் இடத்தோடு கோப்பில் இருக்கும். ஐயம் வந்தால் இன்னொருவர் அதைத் திறந்து 217ஆவது புள்ளியைப் பற்றி வாதாடலாம்.

மென்பொருளுக்கு முந்தைய வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் எண்ணிக்கை வீண். கடலூர் மணற்கல் அறுக்கும்போதே உதிர்ந்துவிடும். ஆகவே நீலச்சாயம் கலந்த எப்பாக்சி பிசினை வெற்றிடத்தில் உள்ளே ஏற்றி, இறுகிய பின்பே அறுக்க வேண்டும். பிறகு நீலமாகத் தெரிவதெல்லாம் துளை. சீவலின் தடிமன் 0.03 மில்லிமீட்டர். பொட்டாசிய ஃபெல்ஸ்பாரை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்துச் சோடியம் கோபால்டிநைட்ரைட் கரைசலில் நனைத்தால் மஞ்சளாகும். குவார்ட்ஸும் இரட்டைப்பட்டை இல்லாத ஃபெல்ஸ்பாரும் குறுக்கு முனைவாக்க ஒளியில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம் என்பதால், கணினித் திரையில் எண்ணுவோர் இந்தச் சாயத்தைத் தவிர்க்கக் கூடாது. நுண்ணோக்கியில் மேடையைச் சுழற்றி ஐயம் தீர்த்துக்கொள்ளலாம், படம் சுழலாது. அதனால் ஒரே இடத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி வைத்துக்கொள்வார்கள்.

எத்தனை புள்ளி என்பதற்குக் கணக்கு உண்டு. 300 புள்ளிகளில் ஒரு கனிமம் 50 விழுக்காடு வந்தால், 95 விழுக்காடு நம்பிக்கையில் பிழை ஏறத்தாழ 5.8, 10 விழுக்காடு வந்தால் 3.5. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு எண்ண வேண்டும். புள்ளிகளின் இடைவெளி பெரிய மணல்மணியின் அளவைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் ஒரே மணி இரண்டு மூன்று தடவை எண்ணப்படும். பருமணலுக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் 20க்கு 40 மில்லிமீட்டர் சீவலில் 200 புள்ளிகள்தான் கொள்ளும். 400 வேண்டுமானால் இரண்டு சீவல்கள் தேவை. ஒரே சீவலில் இடைவெளியை நெருக்கி 400 ஆக்குவது எண்ணைப் பெருக்குமே தவிர நம்பகத்தைப் பெருக்காது.

இனி வகைப்பாடு. ஓர் எடுத்துக்காட்டாக, 400 புள்ளிகளில் குவார்ட்ஸ் 230, ஃபெல்ஸ்பார் 8, பாறைத்துண்டு 2, கயோலின் களிமண் திட்டு 72, இரும்புப் பிணைப்பு 54, துளை 34 என்று வந்ததாகக் கொள்வோம். கயோலினை மணிகளுக்கு இடையில் பின்னர் படிந்த பிணைப்பு என்று எடுத்தால் மணிகள் 240. அவற்றில் குவார்ட்ஸ் 95.8 விழுக்காடு, ராபர்ட் ஃபோக் வகைப்பாட்டில் குவார்ட்ஸ் அரினைட். அதையே இடைநிரப்பு மண் என்று எடுத்தால் கல்லில் அது 18 விழுக்காடு. பெட்டிஜான், போட்டர், சீவர் மூவரும் வகுத்த 15 விழுக்காட்டு எல்லையைத் தாண்டுவதால் குவார்ட்ஸ் வாக்கி. அந்தத் திட்டுகள் ஒருகாலத்தில் ஃபெல்ஸ்பார் மணிகளாக இருந்து மட்கியவை என்று முடிவெடுத்தால் மணிகள் 312, ஃபெல்ஸ்பார் 25.6 விழுக்காடு, பெயர் ஆர்க்கோஸ். கல் ஒன்று, எண்ணிக்கை ஒன்று, பெயர் மூன்று! எது சரி என்பதை மென்பொருள் சொல்லாது. திட்டின் விளிம்பு மணியின் உருவத்தைத் தாங்கி நிற்கிறதா, பழைய பிளவுக்கோடுகள் உள்ளே எஞ்சியுள்ளனவா என்று எண்ணுபவர்தான் பார்க்க வேண்டும். ஆகவே கயோலினுக்கு ஒரே வகை வைப்பது தவறு. மணி உருவில் உள்ளது, துளையை நிரப்பியது, ஐயத்துக்குரியது என்று மூன்றாகப் பிரித்து எண்ணிவிட்டால், பின்னால் எந்த முறைப்படியும் கூட்டிக்கொள்ளலாம்.

பாறைத்துண்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. நைஸ் துண்டு ஒன்றில் உள்ள பெரிய குவார்ட்ஸ் படிகத்தின் மேல் புள்ளி விழுந்தால், காட்ஸி, டிக்கின்சன் இருவர் பெயரால் வழங்கும் காட்ஸி–டிக்கின்சன் முறையில் அது குவார்ட்ஸ். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பாறைத்துண்டு மூன்றையும் முனைகளாகக் கொண்ட ஃபோக்கின் முக்கோணத்திலோ கருங்கல், நைஸ் துண்டுகள் முழுதாக ஃபெல்ஸ்பார் முனைக்குப் போகும். எந்த முறை என்று சொல்லாத முக்கோண வரைபடத்துக்கு மதிப்பில்லை.

டிக்கின்சனும் சுசெக்கும் 1979இல் வெளியிட்ட வரைபடம், மணலின் பிறப்பிடம் மலைத்தொடரா, பழங்கண்ட நிலமா, எரிமலைத் தொடரா என்று எண்ணிக்கையிலிருந்து ஊகிக்க உதவுகிறது. செஞ்சிப் பக்கத்துக் கருங்கல், நைஸ், சார்னோகைட் நிலத்திலிருந்து வந்த மணல் அதில் நிலையான கண்டப்பகுதிக்குள் விழுந்தால் வியப்பில்லை. ஆனால் வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் ஃபெல்ஸ்பார் வழியிலும் படிந்த இடத்திலும் அழிந்துவிடுவதால், வரைபடத்தில் மாதிரியின் இடம் தானாகவே குவார்ட்ஸ் முனைக்கு நகரும். மணல் கலவையில் தட்பவெப்பத்தின் கை எவ்வளவு என்பதை அபிஜித் பாசு முதலியோர் 1970கள் தொடங்கி விரிவாக ஆராய்ந்துள்ளனர். செம்புரைக்கல் மூடிய புதுச்சேரி மேட்டில் அந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். வரைபடத்தின் எல்லைக்கோடுகளைத் தேசப்பட எல்லையாகக் கொள்ளாமல், ஒவ்வொரு மாதிரிக்கும் பிழை வட்டம் போட்டுக் காட்டுவது நேர்மை. பீட்டர் ஃபெர்மேஷும் உடனாசிரியர்களும் 2016இல் வெளியிட்ட ‘ப்ரொவெனன்ஸ்’ என்னும் ஆர் நிரல்மொழித் தொகுப்பு இத்தகைய கணக்குகளைச் செய்து தருகிறது.

படத்தை நிறத்தால் பிரித்துத் தானே எண்ணும் வசதியும் உண்டு. இமேஜ்ஜே போன்ற மென்பொருள்கள் நீலத் துளைகளை எளிதாகப் பிரித்துவிடும். இரும்புத் துருவையும் ஓரளவு பிடிக்கும். குவார்ட்ஸ்–ஃபெல்ஸ்பார் இடத்தில் தடுமாறும். மின்னணு நுண்ணோக்கியில் வேதிக் கூறுகளைப் பார்த்து எண்ணும் கருவி அந்தத் தடுமாற்றத்தைப் போக்கிவிடுகிறது. கயோலினைக் கயோலின் என்றே சரியாகச் சொல்லும். அது மட்கிய மணியா, பின்னால் படிந்ததா என்று கேட்டால் அதுவும் கையை விரிக்கும்.

இதே எண்ணிக்கை தண்ணீருக்கும் உதவும். புதுச்சேரிப் பகுதியின் முக்கிய நீர்தாங்கிகளுள் ஒன்று கடலூர் மணற்கல். சீவலில் நீலமாக எண்ணிய துளைகளும், அவற்றை அடைத்த களிமண்ணும், நீர் எவ்வளவு தங்கும், எவ்வளவு நகரும் என்பதற்குத் தடயம். ஆனால் ஆழ்துளைக் கிணற்றில் சேற்றோடு மேலே வரும் துகள்களை வைத்து இதை எண்ணக் கூடாது. துளையிடும்போதே களிமண் கழுவப்பட்டு, கல் உண்மையைவிடத் தூயதாகத் தோன்றும். உருளையாக வெட்டியெடுத்த மாதிரியோ, திருவக்கரை, வானூர்ப் பக்கம் புதிதாக வெட்டிய பள்ளத்தின் சுவரிலிருந்து உடையாமல் பெயர்த்த கட்டியோ கிடைத்தால்தான் துளை எண்ணிக்கையை நம்பலாம்.