போன் நம் கையில் இருந்த காலம்

'ரூட் பண்ணித் தருவீங்களா?' என்று வண்ணாரப்பேட்டை செல்போன் கடைகளில் இப்போது யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்ட முழு அதிகாரத்தை, போனை வாங்கியவர் கைக்கு மாற்றும் வேலை அது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே பிறந்தது. தெருவில் புழங்கிய பழக்கமாக இன்று மறைந்துவிட்டது.

தமிழுக்கு அது செய்த உதவி பெரிது. ஆண்ட்ராய்டு 2.2, 2.3 ஓடிய பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. எழுத்துரு இருந்த சிஸ்டம் ஃபோல்டரில் ரூட் இல்லாமல் கைவைக்க முடியாது. சில போன்களில் மெமரி கார்டில் ஒரு ஜிப் ஃபைலை ஏற்றி, வால்யூம், ஹோம், பவர் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் ரெக்கவரி திரை வரும். அங்கிருந்து ரூட் ஏறும். பிறகு எழுத்துருவை மாற்றிவிட்டு போனை அணைத்துப் போட்டால், கட்டங்கள் எழுத்துகளாகியிருக்கும். கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் நிற்கும். ஆனாலும் படிக்க முடிந்தது.

அழிக்க முடியாத ஆப்களை நீக்கியதும், கம்பெனி கைவிட்ட போனுக்கு சயனோஜென்மாட் என்ற மாற்று மென்பொருள் மூலம் புது ஆண்ட்ராய்டு தந்ததும் ரூட் சார்ந்த இந்தக் கைவேலைதான். ரயிலில் ராயபுரம் தாண்டி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரில் பழைய போன் வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆபத்துகளும் உண்மையே. வாரண்டி போகும். பாதியில் சார்ஜ் தீர்ந்தால் போன் எழாமலே போகலாம். கெட்ட ஆப் ஒன்றுக்கு ரூட் அனுமதி கொடுத்துவிட்டால், அதற்கு எட்டாதது எதுவும் இல்லை.

பிற்பாடு தமிழ் போனுடனேயே வந்தது; தேவை குறைந்தது. 2016-இல் யு.பி.ஐ. வந்தது. காசிமேட்டில் மீன் வாங்கவும் போனே பணப்பை என்றானபின், ரூட் செய்த போனில் பல வங்கி ஆப்கள் திறக்க மறுத்தன. அதே ஆண்டின் கடைசியில் சயனோஜென்மாட்டும் நின்றது. அதற்கு லினியேஜ் ஓ.எஸ்., ரூட்டுக்கு மேஜிஸ்க் என்று வாரிசுகள் உண்டு. ஆனால் விவரம் தெரிந்த சிலரிடம் மட்டும்.

வங்கியின் பயம் நியாயமானது. பணத்துக்குப் பூட்டு வேண்டும். சாவி போனை வாங்கியவரிடமும் இருக்க வேண்டும். அப்டேட்டை நிறுத்தும் கம்பெனி, போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கும் வழியையும் தந்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். பழைய போனை வாங்கி ஓட்டும் வடசென்னைக் குடும்பங்களுக்கு அது இன்னும் சில வருடம் உழைக்கும்.