யாழ்ப்பாணத்து நீர்த்திட்டங்களும் கணக்கிற் சேராத கழிவுநீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர்வரலாறு பெரும்பாலும் நீரைத் தேடிய வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பயன்படுத்திய நீர் எங்கே போயிற்று என்னும் வினாவைத் திட்டமிட்டோர் அரிதாகவே எழுப்பினர்.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. மாரியிற் பாயும் வழுக்கையாறு ஒன்றே ஆறெனச் சொல்லத்தக்கது. மயோசீன் காலச் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கும் மழைநீர், உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கிணறுகள் அதனையே நம்பியுள்ளன. மலசலகூடக் குழிகள் கசிவதும் அதே பாறையினுள்ளேதான். வெடிப்புகள் நிறைந்த அப்பாறைக்கு நீரை வடிகட்டும் ஆற்றல் குறைவு.

1949ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மாநகரசபையாயிற்று. அடுத்த பத்தாண்டிற் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம், கடனீரேரிகளை நன்னீராக்க முனைந்தது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. முள்ளியான் இணைப்பு வாய்க்கால் நிறைவுபெறவில்லை. அரிய சிந்தனையே எனினும், அதுவும் வரவுக் கணக்கேயன்றிச் செலவுக் கணக்கன்று. நகருக்கு வெள்ளவாய்க்கால்கள் இருந்தன. நகர் முழுமைக்குமான கழிவுநீர்க் குழாய்த்தொகுதி அமையவில்லை.

1980களில் நிகழ்ந்த ஆய்வுகள், கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் செறிவு ஏற்கத்தக்க எல்லையைக் கடந்திருந்தமையைக் காட்டின. இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. தோட்டத்து உரமும் எருவும் ஒருபுறம், மலக்குழிகள் மறுபுறம் எனக் காரணம் கூறப்பட்டது. இவ்விரண்டின் பங்கையும் பிரித்தறிய வேண்டின், நகரம் நாள்தோறும் நிலத்தினுள் விடும் கழிவுநீரின் அளவு முதலில் தெரிதல் வேண்டும். குழிக்குள் மறைவதை அளப்பார் யார்?

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுதவிக்கு இசைந்த யாழ்ப்பாணம் - கிளிநொச்சித் திட்டத்திலேதான் இவ்விரு கணக்குகளும் ஒன்றாயின. இரணைமடு நீரைக் கொணர்தலும் நகருக்குக் கழிவுநீர்த்தொகுதி அமைத்தலும் அதன் நோக்கங்களாயின. கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் இரணைமடு நீர் பெரும் விவாதமாயிற்று. அவர்களது அச்சம் நியாயமற்றதன்று. ஆயின், கழிவுநீர்த்தொகுதி இடையிற் கைவிடப்பட்டமை அத்துணை விவாதத்தைப் பெறவில்லை. எனது நோக்கில் இரண்டாவதே பேரிழப்பாகும்.

2024 ஓகஸ்டில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். வழங்கும் நீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. அந்நீர் முழுவதும் வீடுகளை அடையின், 19,200 கனமீற்றர் கழிவுநீர் நாள்தோறும் எழும்; குழாய்த்தொகுதி இல்லாதவிடத்து அதன் பெரும்பகுதி நிலத்தினுள்ளேயே இறங்கும். குழிகளை இறைக்கும் பவுசர்கள் மாதந்தோறும் எத்தனை இலீற்றரை எங்கிருந்து எடுத்து எங்கே கொட்டுகின்றன என்பதை உள்ளூராட்சிச் சபைகள் தத்தம் ஆண்டறிக்கைகளில் ஒரு பட்டியலாகவேனும் வெளியிடலாம். அதற்குக் கடனுதவி எதுவும் வேண்டியதில்லை.