பழைய காரின் டர்போ புதிய காரில்

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். டர்போசார்ஜரின் வேலை இவ்வளவுதான். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல், விமானம், லாரி எஞ்சின்களில் பல்லாண்டு உழைத்த பிறகு, 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், செவ்ரலே கார்வேர் என்ற இரு அமெரிக்கக் கார்கள் வழியாக அது பயணிகள் காருக்குள் நுழைந்தது. சாப் நிறுவனம் 1977-ல் காட்டிய 99 டர்போதான் அதை அன்றாடம் ஓட்டும் காருக்கு ஏற்றதாக ஆக்கியது.

கார் நிறுவனங்கள் பெரும்பாலும் டர்போவைத் தாங்களே செய்வதில்லை. காரெட், கேகேகே, ஐஹெச்ஐ, மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் போன்ற சில நிறுவனங்களே பலருக்கும் செய்து கொடுத்தன. காரெட்டின் டி3 ரகம் சாபிலும் வால்வோ 240-லும் ஃபோர்டு சியரா காஸ்வொர்த்திலும் இருந்தது. ஒரே குடும்பத்து டர்போக்களில் போல்ட் துளைகள் ஒத்துப்போகும்போது, ஒரு காரின் டர்போவைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பார்க்கும் ஆசை வராமல் இருக்காது. அந்த ஆசை ஒரு தலைமுறையின் பழக்கமாகவே மாறியது அமெரிக்காவில், 1990-களில்.

கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் 1985-ல் டயமண்ட் ஸ்டார் மோட்டார்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கி, இல்லினாய்ஸ் மாநிலத்தின் நார்மல் நகரில் தொழிற்சாலை அமைத்தன. மிட்சுபிஷி எக்ளிப்ஸ், ஈகிள் டேலன், பிளிமத் லேசர் என மூன்று பெயர்களில் அங்கிருந்து வந்தது அடிப்படையில் ஒரே கார். அவற்றின் டர்போ மாடல்களில் இருந்தது இரண்டு லிட்டர் 4ஜி63 எஞ்சின். முதல் தலைமுறையில் கியர் மாற்றி ஓட்டும் வண்டிக்கு 14பி என்ற டர்போ. ஆட்டோமேட்டிக்குக் கொஞ்சம் சிறிய 13ஜி. இரண்டும் மிட்சுபிஷியுடையவை.

1995-ல் இரண்டாம் தலைமுறைக் கார் வந்தபோது டர்போ மாறியது. மிதித்தவுடன் வேகம் எடுக்க வேண்டும் என்பதற்காகக் காரெட்டின் சிறிய டி25 பொருத்தப்பட்டது. அழுத்த விகிதமும் 7.8-லிருந்து 8.5-க்கு உயர்ந்தது. நகரச் சாலைக்கு இது நல்ல முடிவு. ஆனால் சிறிய சக்கரம் எஞ்சினின் உச்சச் சுழற்சியில் போதிய காற்றைத் தர முடியாமல் திணறியது. எனவே புதிய கார் வாங்கியவர்கள் காயலான் கடைகளில் பழைய காரின் 14பி-யைத் தேடினார்கள். முந்தைய தலைமுறையின் பாகம் அடுத்த தலைமுறைக்கு முன்னேற்றமாக அமைவது கார் வரலாற்றில் அரிது. இங்கே அது வெளிப்படையாக நடந்தது.

வேலை டர்போவோடு முடியாது. புதிய காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அது பழையதைவிட நன்றாகப் புகை கடத்தும் என்பதால் பழைய கார்க்காரர்களும் அதையே தேடி மாட்டினார்கள். ஆனால் டர்போவுக்குப் பின்னால் வரும் ஆக்சிஜன் சென்சார் உறை, எண்ணெய் வரும் குழாய், திரும்பும் குழாய், தண்ணீர்க் குழாய், அழுத்திய காற்றை வாங்கும் வளைகுழாய் எல்லாம் பழைய காரிலிருந்தே வர வேண்டும். எண்ணெய்க் குழாய் முக்கியமானது. டர்போவின் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழல்வது. எண்ணெய் தடைபட்டால் பேரிங் தாங்காது.

அடுத்த படி மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 3-ன் 16ஜி. 1995-ல் வந்த அந்தக் காரின் டர்போ இந்தக் கார்களிலும் பொருந்தியது. அதற்கடுத்த எவல்யூஷன் 4-ல் (1996) எஞ்சின் 180 டிகிரி திருப்பி வைக்கப்பட்டது. டர்போவும் எதிர்த்திசையில் சுழன்றது. நேரடியாக மாட்டும் வழி அதோடு அடைபட்டது, மூன்றாம் எவல்யூஷனின் டர்போவுக்கு மதிப்பு நிலைத்தது.

பலருடைய எஞ்சினை உடைத்தது டர்போ அல்ல, எரிபொருள் கணக்கு. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். நிமிடத்துக்கு 450 சிசி தரும் இன்ஜெக்டர்கள் 16ஜி-க்குப் போதாமல் 550 சிசி மாட்டினார்கள். பெட்ரோல் அளவைச் சரிசெய்ய, காற்று சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டும் ஒரு சிறு பெட்டி உதவியது. காற்று குறைவு என்று நம்பிய எஞ்சின் கணினி, எஞ்சினில் சுமை குறைவு என்று முடிவுகட்டித் தீப்பொறியை முன்கூட்டியே விட்டது. உண்மையில் உள்ளே அழுத்தம் உச்சத்தில் இருந்தது. எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் தொடங்கி பிஸ்டன் சிதைந்தது. கணினியின் அட்டவணையையே மாற்றி எழுதக் கற்ற பிறகுதான் இந்த ஆபத்து குறைந்தது.

சட்டமும் குறுக்கே நின்றது. கலிஃபோர்னியாவில் புகைக் கட்டுப்பாட்டைப் பாதிக்கும் பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியத்தின் விலக்கு உத்தரவு வேண்டும். காயலான் கடை டர்போவுக்கு அது கிடைப்பது கடினம்.

இரண்டாம் தலைமுறை எக்ளிப்ஸ் 1999-ல் நின்றது, பழக்கம் நிற்கவில்லை. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ வைத்திருப்பவர்கள் அதன் ஐஎஸ்20-ஐக் கழற்றிவிட்டு, கோல்ஃப் ஆர் காரின் பெரிய ஐஎஸ்38-ஐ மாட்டுகிறார்கள். இரண்டும் ஐஹெச்ஐ செய்தவை. அந்த எஞ்சினில் மேனிஃபோல்டே சிலிண்டர் ஹெட்டுக்குள் வார்க்கப்பட்டிருப்பதால் தனியாக மேனிஃபோல்ட் தேட வேண்டியதில்லை. கணினியின் அட்டவணையை மாற்றும் வேலை மட்டும் இப்போதும் தவிர்க்க முடியாதது.