வழிப்பசியும் வழக்குமன்றமும்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் விடுமுறைக்குப் புறப்படும் குடும்பங்கள் பல, பார்பிக்யூ உணவகங்களை மனத்திற்கொண்டே தம் பயண வழியை வகுத்துக்கொள்வதுண்டு. பகலில் ஓர் ஊரில் பன்றியிறைச்சி; மாலையில் நூறு மைல் கடந்து வேறோர் ஊரில் மாட்டிறைச்சி; மறுநாள் மற்றொரு மாநிலத்தில் விலா எலும்பு. தணலில் வாட்டிய இறைச்சி ஒன்றே எனினும், ஊர்தோறும் அதன் சுவை மாறுவதால் இப்பயணம் அலுப்பதில்லை.

இது நாவின் இன்பம் மட்டுமே எனப் பார்வைக்குத் தோன்றும். ஆயினும், ஒரு குடும்பம் தான் விரும்பிய உணவகத்தின் முன் வண்டியை நிறுத்தி, முன்வாயில் வழியே உள்ளே சென்று, மேசையில் அமர்ந்து உண்பது அந்நாட்டில் எல்லாருக்கும் எளிதாகக் கிட்டிய உரிமையன்று. அவ்வுரிமை நாடு முழுமைக்கும் உரிய சட்டமாக நிலைபெற்றது 1964ஆம் ஆண்டில்தான். அச்சட்டத்தின் வலிமையைச் சோதித்த முதன்மையான வழக்குகளுள் இரண்டு பார்பிக்யூ உணவகங்களைப் பற்றியவை என்பது எண்ணத்தக்கது.

சொல்லும் தொழிலும்

பார்பிக்யூ என்னும் சொல், கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழிச்சொல்லிலிருந்து பிறந்தது என்பர். ஸ்பானியர் அதனை ‘பர்பகோவா’ என வழங்கினர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். நெருப்பின்மேல் குச்சிகளால் கட்டிய பரணையே அச்சொல் முதலிற் குறித்தது. பன்றியோ அம்மண்ணுக்குரிய வீட்டு விலங்கன்று. 1539இல் புளோரிடாவில் வந்திறங்கிய ஹெர்னாண்டோ டி சோட்டோ என்னும் ஸ்பானியத் தலைவர், தம் படையின் உணவுக்காகப் பன்றிகளை உடன் கொண்டுவந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வர்ஜீனியாவிலும் கரோலினாவிலும் பார்பிக்யூ என்பது பெருவிருந்தின் பெயராகிவிட்டது. பின்னாளில் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன், அலெக்சாண்ட்ரியா நகரில் அத்தகைய விருந்தொன்றிற்குச் சென்றதைத் தம் 1769ஆம் ஆண்டு நாட்குறிப்பில் குறித்துள்ளார். இவ்விருந்துகளில் குழி வெட்டி, விறகெரித்துத் தணலாக்கி, இரவெல்லாம் கண்விழித்து இறைச்சியைப் பக்குவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க வழியினர். கடினமான தசையையும் இளகச் செய்வது மிகுந்த அனலன்று. பல மணி நேரம் மாறாது நிற்கும் மெல்லிய வெம்மையும் புகையுமே. அதனைக் காக்கும் பொறுமையும் கைத்திறனும் அம்மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன. விருந்துக்கு வந்தவர் பெயர் ஏட்டில் ஏறிற்று. தணலைக் காத்தவர் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை.

ஊருக்கு ஒரு சுவை

வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியையும் வாட்டி, பொடியாகக் கொத்தி, வினிகரும் மிளகாயும் கலந்த சாற்றைச் சேர்ப்பர். அதே மாநிலத்தின் மேற்கே லெக்சிங்டன் வட்டாரத்தில் தோட்பகுதியை மட்டும் எடுத்து, வினிகரோடு சிறிது தக்காளியும் கூட்டுவர். தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகுச் சாறு சிறப்பிடம் பெறும். அங்குக் குடியேறிய ஜெர்மானியர் வழிவந்த சுவை அது என்பர். மெம்பிஸ் நகரம் விலா எலும்புக்கும், கென்டக்கி மாநிலத்து ஓவன்ஸ்பரோ ஆட்டிறைச்சிக்கும் பெயர்பெற்றவை.

டெக்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் ஜெர்மானிய, செக் இனத்துக் கசாப்புக் கடைக்காரர்கள் விற்காத இறைச்சி கெடாதிருக்கப் புகையூட்டி விற்றனர். அக்கடைகளே நாளடைவில் உணவகங்களாயின. லாக்ஹார்ட் என்னும் சிற்றூரில் 1900இல் தொடங்கிய குரோய்ட்ஸ் கடை இதற்குச் சான்று. அவ்வூரை டெக்சாஸின் பார்பிக்யூத் தலைநகரம் என அம்மாநிலச் சட்டமன்றம் 1999இல் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது.

கான்சஸ் சிட்டியின் புகழுக்கு வித்திட்டவர் ஹென்றி பெரி என்னும் கறுப்பினத்தவர். மெம்பிஸ் வட்டாரத்திலிருந்து வந்த அவர், 1908இல் அந்நகரில் வாட்டிய இறைச்சியை விற்கத் தொடங்கினார். அவரிடம் தொழில் பயின்ற சார்லி பிரையன்டும், அவருக்குப்பின் அவர் தம்பி ஆர்தர் பிரையன்டும் அம்மரபை வளர்த்தனர். கால்வின் டிரில்லின் என்னும் எழுத்தாளர் 1972இல் ஆர்தர் பிரையன்டின் கடையை உலகிலேயே தலைசிறந்த உணவகம் என்று எழுதியபின், அதனை நாடிப் பிற மாநிலத்தாரும் வரலாயினர்.

மோட்டார் வண்டியின் வரவு

இச்சுவைகளையெல்லாம் ஒரே பயணத்தில் காணும் வாய்ப்பைத் தந்தது மோட்டார் வண்டி. ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ வண்டி 1908இல் வெளிவந்தது. 1921இல் டல்லாஸ் நகரில் திறக்கப்பட்ட ‘பிக் ஸ்டாண்ட்’, வாட்டிய பன்றியிறைச்சி வைத்த ரொட்டியை வண்டியிலிருப்போரிடமே கொண்டுவந்து கொடுத்தது. 1926இல் நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கு எண்கள் அமைந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளுக்கு வழிவகுத்தது. குடும்பத்தோடு சாலை வழியே ஊர் பார்ப்பது அமெரிக்க வாழ்வின் ஒரு கூறாயிற்று.

திறவாத கதவுகள்

ஆனால், அச்சாலைகளில் சென்ற கறுப்பினக் குடும்பங்களின் நிலை வேறு. இனம் பிரித்து வைத்தல் செல்லும் என உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்திருந்தது. தென் மாநில உணவகங்கள் பலவற்றில் அவர்களுக்கு இருக்கையில்லை; பின்புறச் சாளரத்தில் பொட்டலம் வாங்கிச் செல்லலாம், அவ்வளவே. உள்ளே இறைச்சியை வாட்டுபவர் தம் இனத்தவராகவே இருந்தபோதிலும் இந்நிலை மாறவில்லை. ஆகவே அவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டே புறப்பட்டனர். பசித்த பிள்ளை வழியில் ஓர் உணவகத்தைச் சுட்டிக்காட்டினால், பெற்றோர் வண்டியை நிறுத்தாமல் செல்ல நேர்ந்தது.

இவர்களுக்கு உதவும் பொருட்டு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த அஞ்சற்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் என்பார், 1936இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். ‘கிரீன் புக்’ என வழங்கிய அந்நூல், கறுப்பினத்தவரை ஏற்கும் விடுதி, உணவகம், பெட்ரோல் நிலையம் ஆகியவற்றை ஊர்வாரியாகத் தந்தது. இத்தகைய நூலே தேவைப்படாத நாள் வரும் என்னும் நம்பிக்கையையும் அது வெளியிட்டது. அந்நாளைக் காணாமலே கிரீன் 1960இல் மறைந்தார்.

பர்மிங்ஹாம் வழக்கு

1964 ஜூலை 2ஆம் நாள் குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியது. உணவகங்களிலும் விடுதிகளிலும் இன வேற்றுமை காட்டுதலை அது தடுத்தது. அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் மக்ளங் குடும்பத்தார் நடத்திய ‘ஆலீஸ் பார்பிக்யூ’ உணவகம் இதனை எதிர்த்து வழக்காடியது. 220 பேர் அமரக்கூடிய அவ்வுணவகத்தில் கறுப்பினத்தவர்க்குப் பொட்டலம் மட்டுமே கிடைத்தது. அங்கு வேலை செய்த 36 பேரில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர்! தம் கடை உள்ளூர்க் கடை என்றும், அதனைக் கட்டுப்படுத்த நாட்டின் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்றும் உரிமையாளர் வாதிட்டனர். கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்த்தது.

உச்ச நீதிமன்றம் 1964 டிசம்பர் 14ஆம் நாள் அதனை மாற்றியது. ஓராண்டில் அவ்வுணவகம் வாங்கிய ஏறத்தாழ 150,000 டாலர் பெறுமான உணவுப்பொருளில், 69,683 டாலர் பெறுமான இறைச்சி வேறு மாநிலத்திலிருந்து வந்தது. மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு. உணவு மறுக்கப்படுவதால் கறுப்பினத்தவரின் பயணமே குன்றுகிறது என்னும் சான்றுகளையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நீதிபதியருள் ஒருவரும் இம்முடிவுக்கு மாறுபடவில்லை.

மனித மதிப்பைப் பற்றிய வழக்கு இறைச்சிக் கணக்கால் முடிந்தது ஏன்? தனியார் காட்டும் வேற்றுமையை அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் தடுக்காது என அதே நீதிமன்றம் 1883இல் கூறியிருந்தது. அத்தடையைச் சுற்றிச் செல்ல வணிக விதியே வழியாயிற்று. எல்லை கடந்து வந்த இறைச்சிக்குக் கிடைத்த வரவேற்பு, எல்லை கடந்து வந்த மனிதர்க்கும் கிடைக்க இவ்வாறு வழி பிறந்தது.

வண்டியில் உண்டால் விலக்கா?

மற்றொரு வழக்கு தென் கரோலினாவில் எழுந்தது. ‘பிகி பார்க்’ என்னும் நிறுவனத்தின் பார்பிக்யூக் கடைகளுள் ஐந்து, வண்டியிலிருப்போர்க்கு உணவு வழங்குபவை. அவற்றில் வாங்கிய உணவில் பெரும்பகுதி கடைக்குள் உண்ணப்படுவதில்லை. ஆதலால் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது என மாவட்ட நீதிமன்றம் 1966இல் கூறியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1967இல் இதனை மறுத்தது. வேற்றுமை காட்டுவது தம் சமய நம்பிக்கை என்று உரிமையாளர் கூறிய வாதமும் நிற்கவில்லை. இத்தகைய வழக்கில் வெல்வோர்க்கு வழக்கறிஞர் செலவை எதிர்த்தரப்பே பொதுவாகத் தரவேண்டுமென உச்ச நீதிமன்றம் 1968இல் தீர்த்தது. இதனால், பொருள் வசதியற்றவரும் தம் உரிமையை நாடி நீதிமன்றம் செல்ல இயன்றது.

கிரீன் தொடங்கிய நூலின் இறுதிப் பதிப்பு 1966–67க்குரியது. சட்டம் வந்த அன்றே மனங்கள் மாறிவிடவில்லை எனினும், அந்நூல் நாடிய நாள் நெருங்கலாயிற்று.

இன்று பார்பிக்யூவின் சுவை வேறுபாடுகளை ஆராயும் நூல்கள் பல உள்ளன. வினிகரா, கடுகா, தக்காளியா என்னும் வழக்காடல் ஓய்ந்தபாடில்லை. ஆனால், அச்சுவையை ஆக்கிக் காத்தவர்களுள் பெரும்பகுதியினர் அதனைப் பிறரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணப் பல தலைமுறை காத்திருந்தனர் என்பதும் அவ்வுணவின் வரலாறேயாகும். அதனை மாணவர்க்குக் கற்பிக்கும்போது குழியடுப்பைப் பற்றிச் சொல்வதோடு, பின்புறச் சாளரத்தைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும்.