சிறைவாசிகளின் சிடி4 அளவும் உயிர்வாழ்வும்

எச்ஐவி தொற்றுள்ளவரின் நோய் எதிர்ப்பாற்றல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை இரத்தத்திலுள்ள சிடி4 அணுக்களின் எண்ணிக்கை காட்டும். நலமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டரில் பொதுவாக 500-க்கு மேல் இருக்கும் இது, 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. அப்போது காசநோய், நிமோனியா போன்ற சந்தர்ப்பவாதத் தொற்றுகள் உயிரைப் பறிக்கின்றன. நெரிசலான சிறைக்கூடங்களில் காசநோய் எளிதில் பரவுவதால் அங்கே ஆபத்து இரட்டிப்பு. எதிர்ப்பாற்றலை சிடி4 எண்ணிக்கையும், மருந்து பலிக்கிறதா என்பதை இரத்தத்திலுள்ள வைரஸ் அளவும் சொல்வதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலச் சிறைகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு இத்துறையில் மிக முக்கியமானது. சிறையில் ஏஆர்டி என்ற எச்ஐவி எதிர்ப்புக் கூட்டு மருந்து பெற்றவர்களின் சிடி4 சராசரியாக 74 உயர்ந்தது. வைரஸ் அளவு குறைந்தது. விடுதலையாகி மீண்டும் சிறைக்குத் திரும்பியவர்களிடமோ சிடி4 சராசரியாக 80 சரிந்திருந்தது. உள்ளே ஈட்டிய நலம் முழுவதும் வெளியே கரைந்துபோனது. கைதியின் உடலைக் காப்பது சிறை வாசலோடு முடிகிற பொறுப்பல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தச் சரிவுக்கான ஒரு காரணத்தை, டெக்சாஸ் மாநிலச் சிறைகளில் மருந்து பெற்று விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வு (2009) காட்டியது: விடுதலையான 10 நாட்களுக்குள் மருந்துச் சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கியவர்கள் 5.4 விழுக்காட்டினர் மட்டுமே. 60 நாட்களிலும் அது 30 விழுக்காட்டைத்தான் எட்டியது. மருந்து நின்றால் வைரஸ் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகும். சிடி4 இறங்கத் தொடங்கும்.

சிடி4 எவ்வளவாக இருந்தாலும் தொற்று உறுதியானவுடன் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. அது சிறைவாசிகளுக்கும் பொருந்தும்.