கூலிக் கணக்கில் வெயில்

கொரட்டூர் ஸ்டேஷன் வாசல். தள்ளுவண்டிக்காரர் பன்னீர் திராட்சையை எடை போட்டுக்கொண்டே முன்ஜாக்கிரதையாகச் சொன்னார்: ''மழைத்தண்ணி குடிச்ச பழம் சார். புளிச்சா என்னைத் திட்டாதீங்க!''

கம்பம் பள்ளத்தாக்குப் பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. அங்கே கடுங்குளிர் கிடையாது, கொடி தூங்குவதில்லை. விவசாயி கவாத்து பண்ணிய நாளிலிருந்து சுமார் நாலு மாதத்தில் பழம். ஆகவே வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால்தான் வினை. பழம் வெடிக்கும், இனிப்பு ஏறாது.

பிரான்ஸில் கதையே வேறு. பனிக்காலம் முழுக்க கொடி மொட்டையாக நிற்கும். வசந்தத்தில் துளிர்த்து, ஜூன் வாக்கில் பூத்து, வெயில் ஏற ஏறப் புளிப்பு குறைந்து சர்க்கரை கூடும். நல்ல வெயில் என்றால் அறுவடை சீக்கிரம். குளிர்ந்த கோடை என்றால் தாமதம். காயாகப் பறித்தால் ஒயின் கெட்டு ஊர் பெயரும் கெடும் என்பதால், ஊரே கூடித் தேதி குறித்தார்கள். பல ஊர்களில் முந்திக்கொண்டு பறித்தவனுக்கு அபராதம்!

பர்கண்டியில் போன் என்று ஓர் ஊர் (டெலிபோன் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்). திராட்சை பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கு, நகரசபைக் குறிப்பு, பிற்காலப் பத்திரிகைச் செய்தி என்று தேடித் தேடி, 1354-லிருந்து அங்கே அறுவடைத் தேதிகளைத் திரட்டியிருக்கிறார்கள். தெர்மாமீட்டர் வருவதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்பிருந்து! பி.காம். படித்த எனக்கு இதில் தனி சந்தோஷம். அந்தக் கணக்குப்பிள்ளைக்கு வெயிலைப் பற்றி என்ன கவலை? கூலி சரியாக இருந்தால் போதும். ஆனால் தேதி போட்டு வைத்தான்.

இப்படிப்பட்ட தேதிகளை வைத்துப் பழைய கோடைகளைக் கணக்கிட்டவர்களில் பிரபலமானவர் லெ ருவா லதூரி என்ற சரித்திர ஆசிரியர். 1967-ல் புத்தகம் வந்தது. 1815-ல் இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை வெடித்தது இல்லையா? மறு வருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பிரான்ஸில் திராட்சை அறுவடை அக்டோபர் கடைசி வரை இழுத்தது. எங்கேயோ வெடித்த மலை, இங்கே கூலிக் கணக்கில் பதிவாகிவிட்டது.

ஆனால் கணக்கென்றால் தணிக்கையும் வேண்டும். 1540-ல் ஐரோப்பாவில் பயங்கர வறட்சி. கொடியிலேயே பழம் வற்றிப்போக, சில ஊர்களில் மழைக்காகக் காத்திருந்து பறித்தார்கள். தேதியை மட்டும் பார்த்தால் குளிர்ந்த வருஷம் என்று தோன்றும். நடந்தது நேர் எதிர்!

1354 முதல் 1987 வரை போன் நகரில் சராசரியாக செப்டம்பர் 28-ல் அறுவடை தொடங்கியது. 1988 முதல் 2018 வரையிலான கணக்கில் 13 நாள் முன்னால் வந்துவிட்டது. 2003-ல் ஆகஸ்ட் மாதத்திலேயே பறித்தார்கள். அதே ஆகஸ்டில்தான் பிரான்ஸில் வெயில் தாங்காமல் சுமார் 15,000 பேர் இறந்துபோனார்கள்.