கொளுத்துவேன் என்று சொன்ன நாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் இடஒதுக்கீடு பற்றிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "உங்க அம்பேத்கரே இந்தச் சட்டத்தைக் கொளுத்துவேன்னு சொல்லியிருக்காரு. அப்புறம் நீங்க எதுக்கு அதைத் தூக்கிப் பிடிக்கிறீங்க?" என்றார். சிலர் கைதட்டினார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த வாக்கியத்தை நானும் எத்தனையோ மேடைகளில் கோபமாக முழங்கியவன்தான். என்றைக்கு, எந்த விவாதத்தில், யாருக்காக அதைச் சொன்னார் என்று ஒருநாளும் தேடிப் படித்ததில்லை. அந்த வெட்கத்தோடுதான் அவருடைய நாடாளுமன்றப் பேச்சுகள் அடங்கிய ஆங்கிலத் தொகுதியை, பதினைந்தாவது தொகுதியை, எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாள், 1953 செப்டம்பர் 2. இடம், தில்லியில் மாநிலங்கள் அவை. ராஜ்யசபா என்ற பெயர் அதற்கு 1954 ஆகஸ்டில்தான் வந்தது. 1952 பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்கடிக்கப்பட்ட பாபாசாகேப், அதே ஆண்டு பம்பாய் மாநிலத்திலிருந்து இந்த மேலவைக்கு வந்திருந்தார். அமைச்சர் பதவியை விட்டு இரண்டாண்டு ஆகியிருந்தது. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைய அலுவல் ஆந்திர மாநில மசோதா. 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்விட்டார். நான்கே நாளில் நேரு தனி ஆந்திரத்தை அறிவித்தார். சென்னை மாநிலத்திலிருந்து தெலுங்கு மாவட்டங்களைப் பிரிக்கிற வேலைதான் இந்த மசோதா. சென்னை நகரம் யாருக்கு, திருத்தணி யாருக்கு, பெல்லாரி யாருக்கு என்றே எங்கும் பேச்சு. கோடு எந்த ஊர் வழியாகப் போகிறது என்று பார்த்தார்கள். கோட்டுக்கு உள்ளே ஊர் எங்கே, சேரி எங்கே என்று யார் பார்த்தார்கள்?

அவர் பார்த்தார். ஒரு மொழி பேசுகிறவர்களையெல்லாம் ஒரு மாநிலமாகக் கட்டினால், அந்த வட்டாரத்தின் பெரிய சாதிதான் சட்டமன்றத்தில் உட்காரும். நிலம் அதன் கையில், பதவி அதன் கையில். அப்போது சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கிற மக்களைக் காக்க ஆளுநருக்குத் தனி அதிகாரம் வேண்டும் என்று அவர் வாதாடினார். ஆளுநருக்கு அதிகாரம் கொடுத்தால் சனநாயகம் கெட்டுவிடும் என்பது எதிர்வாதம்.

இதை எங்க ஊர்ப் பேச்சில் சொன்னால் எளிதாக விளங்கும். அடிச்சவனும் அவன். பஞ்சாயத்துல தீர்ப்பு சொல்றவன் அவனோட பங்காளி. அப்போ அடிபட்டவன் யார்கிட்டப் போய் நிக்கிறது? இதற்கு மேலே ஒரு ஆள் வேணுமா, வேண்டாமா? அன்றைக்கு அவர் கேட்டதன் சாரம் இவ்வளவுதான்.

இங்கேதான் பழைய கணக்கு குறுக்கே வந்தது. அரசியல் நிர்ணய சபையில் ஆளுநருக்குத் தனி அதிகாரம் கூடாது என்ற நிலையை எடுத்துப் பேசியவரும் இவரே. சட்டத்தை எழுதியது நீங்கள்தானே என்று எப்போதும் தன்னிடம் சொல்கிறார்கள் என்பதை அவரே எடுத்தார். நான் கூலிக்கு எழுதியவன், சொன்னதைச் செய்தேன், அதில் பெரும்பகுதி என் விருப்பத்துக்கு மாறானது என்றார். சிறிய சமூகங்களின் அச்சத்தைப் போக்குவதால்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நடக்கிறது என்றார். அதைத் தொடர்ந்துதான் அந்த வாக்கியம்: இதைக் கொளுத்துகிற முதல் ஆளாக நான் இருக்கத் தயார், இது எனக்கு வேண்டாம், யாருக்கும் இது பொருந்தவில்லை.

நாம் எல்லோரும் இங்கே நிறுத்திவிடுகிறோம். அவர் நிறுத்தவில்லை. நம் மக்கள் இந்தச் சட்டத்தோடு வாழ வேண்டுமென்றால், பெரும்பான்மையும் உண்டு, சிறுபான்மையும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. உங்களை அங்கீகரித்தால் சனநாயகத்துக்குக் கேடு என்று சிறுபான்மையிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. சிறுபான்மைக்கு இழைக்கும் தீங்குதான் பெருங்கேடு என்று முடித்தார்.

ஒதுக்கீட்டை எடு என்பவன் சொல்லுகிற வாக்கியமா இது? ஒதுக்கப்பட்டவனுக்கு இந்தக் காவல் போதாது என்றவனின் வாக்கியம்.

1955 மார்ச் 19 அன்று, சொத்துரிமை பற்றிய நான்காவது திருத்த விவாதத்தில், அதே அவையில் ஓர் உறுப்பினர் இதைக் கிளறினார். கடவுளுக்கென்று கோயில் கட்டினோம், கடவுள் வந்து குடியேறும் முன் அசுரன் புகுந்துகொண்டான், இடிக்காமல் என்ன செய்வது என்று கேட்டார் பாபாசாகேப். அசுரனை அழியுங்கள், கோயிலை ஏன் இடிக்கிறீர்கள் என்றார் இன்னொருவர். அதற்கு நமக்குப் பலமில்லை என்று பதில் வந்தது. இந்தப் பதிலைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு தனியாக நின்றிருக்கிறார்!

1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிறந்தது. அந்த எல்லைக்குள்ளேதான் 1985 ஜூலை 17இல் காரம்சேடு நடந்தது. ஆறு மாதிகர்கள் கொல்லப்பட்டார்கள். 1991 ஆகஸ்ட் 6இல் சுண்டூர், எட்டுப் பேர். சுண்டூர் வழக்குக்கு அந்தக் கிராமத்திலேயே சிறப்பு நீதிமன்றம் வைத்து 2007இல் தண்டனை கொடுத்தார்கள். 2014இல் உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் எரிந்த 44 பேரும் தமிழ் பேசியவர்கள்தான்.

தோழர்கள் கேட்பார்கள்: அப்படியானால் ஆளுநர் ஆட்சிக்கா வக்காலத்து வாங்குகிறாய்? இல்லை. தில்லியின் ஏவலாளாக ஆளுநர்கள் நடந்துகொண்டதைப் பார்த்துத்தான் இருக்கிறோம். சுண்டூரில் கைவிட்டது எந்த மாநிலச் சட்டமன்றமும் அல்ல, அதற்கு மேலே இருந்த நீதிமன்றம் என்பதும் தெரியும். அவர் சொன்ன மருந்து தப்பாக இருக்கலாம். அவர் கண்ட நோய் தப்பில்லை. மாநில உரிமை பேசுகிறவர்கள், மாநிலத்துக்குள்ளே சேரியின் உரிமை எங்கே என்பதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

அந்தக் கல்லூரிக்கு மறுபடியும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பின்வரிசைக்காரரிடம் ஒன்று சொல்வேன். "அய்யா, அவர் கொளுத்துவேன்னு சொன்னது நெசந்தான். அன்னிக்கு என்ன மசோதா நடந்துச்சுன்னு சேர்த்துச் சொல்லுங்க."